மணலில் கலந்த இரும்பு

ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லாரும் 'சல்லடை' என்றுதான் கூப்பிடுவார்கள். மண்ணைச் சலிப்பது அவர் வேலை. யார் என்ன சொன்னாலும் அதையும் ஒருமுறை சலித்துப் பார்க்காமல் தலையாட்ட மாட்டார் என்பதும் சேர்ந்துகொண்டது. பத்தொன்பது வருடமாக ஒரே மேசை. வருகிற மண்ணை உலர்த்தி, கட்டி உடைத்து, சலித்து, விரல் பருமனுள்ள கண்ணாடிக் குழாயில் நிரப்பி, அளந்து தண்ணீர் விட்டு அடுத்த அறைக்கு அனுப்புவார்.

அந்த அறையில் கனத்த காந்தம் வைத்த பெட்டி ஒன்று. குழாயை உள்ளே இறக்கினால், மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் மெல்லிய சமிக்ஞை ஒன்றைக் கொடுத்துவிட்டு அடங்கும். நுண்ணிய துளைகளில் சிக்கிய தண்ணீர் சட்டென்று அடங்கும். பெரிய இடுக்குகளில் கிடப்பது நிதானமாக அடங்கும். அந்த நேரத்தை வைத்து, மண் தண்ணீரை எப்படிப் பிடித்துவைத்திருக்கிறது என்று கணிப்பார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர்தான் சல்லடை. ஆனால் திரையில் ஓடும் கோட்டைப் பார்த்தே இது களி, இது மணல் என்று சொல்லிவிடுவார்.

அந்த வருடம் தலைமை ஆய்வாளரான அம்மாள் கால் தரையில் பாவாமல் நடந்தார். ஆற்றோரத்து மணற்பாங்கான மாதிரிகள் எண்பதிலும் சமிக்ஞை களிமண் போலச் சட்டென்று அடங்கியது. மணல் தண்ணீரை இவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்று அவர் எங்கும் படித்ததில்லை. கட்டுரை தயார், மாநாட்டுக்குப் பயணச்சீட்டும் தயார்.

சல்லடைக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. ஊற்றிய தண்ணீர் அந்த மணலில் விறுவிறுவென்று அடிவரை இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். மூன்று நாள் மண்டையைக் குடைந்த பிறகு பொறி தட்டியது. மண்கட்டியைக் கையால் குத்தி உடைக்கும் பழைய பீங்கான் கலுவம் உடைந்துபோனதால், அந்த எண்பதையும் புது எஃகு அரவை இயந்திரத்தில் போட்டது அவரேதான். எஃகு தேய்ந்து இரும்புத்தூள் மண்ணில் கலந்தால், காந்தப் பெட்டியில் சமிக்ஞை சீக்கிரமே அடங்கிவிடும்.

மனைவி தையல் வேலை செய்பவர். சிந்திய ஊசி பொறுக்க அவர் வைத்திருந்த காந்தத்தைச் சல்லடை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனார். அரைத்த மண்ணைக் காகிதத்தில் பரப்பி, அடியில் காந்தத்தை நகர்த்தினார். கருந்துகள்கள் மயிர்க்கூச்செறிந்ததுபோல் எழுந்து நின்றன. மண்ணிலேயே இரும்பு இருந்திருக்கலாமே? பக்கத்துத் துறையில் கலுவம் இரவல் வாங்கி, மூட்டையில் மிஞ்சிய அதே மண்ணைக் கையால் உடைத்துக் குழாயில் நிரப்பினார். அதன் சமிக்ஞை மணலுக்குரிய நிதானத்தோடு அடங்கியது. தண்ணீரை அவசரப்படுத்தியது இயந்திரம் உதிர்த்த இரும்பு.

"அரைச்சது நீங்க. நீங்களே போய்ச் சொன்னா யாரு தலை உருளும்?" என்றார் அன்றிரவு மனைவி.

"என் தலைதான்."

"தெரிஞ்சுமா போறீங்க?"

"தண்ணி பண்ணாத வேலைய அது தலைல கட்டியிருக்கோம். எப்படிச் சும்மா இருக்கிறது?"

மனைவி நூலைப் பல்லால் அறுத்தார். "சரி, போங்க. காந்தத்த அங்கேயே விட்டுட்டு வந்துடாதீங்க. ரெண்டு ஊசி காணோம்."

மறுநாள் காலை, இயந்திரத்தில் அரைத்தது ஒன்று, கையால் உடைத்தது ஒன்று என இரண்டு குழாய்களைத் தலைமை ஆய்வாளர் முன் வைத்து, நடந்ததைச் சொன்னார். "மேடம், தப்பு என்னோடது."

அவர் இரண்டையும் காந்தப் பெட்டியில் இறக்கி, திரையில் ஓடிய கோடுகளை ஒப்பிட்டார். "எப்ப தெரியும்?"

"சந்தேகம் நாலு நாளா. நேத்துதான் நிச்சயமாச்சு."

"இயந்திரம் வாங்கினது நான். எதுல செஞ்சதுன்னு நான் யோசிச்சிருக்கணும்" என்றவர் பயணச்சீட்டை ரத்து செய்தார். அப்புறம் ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எண்பதிலும் அரைக்காமல் மிஞ்சியிருந்த மண்ணைக் கையால் உடைக்க ஏழு வாரம் ஆனது. சல்லடையின் மணிக்கட்டு வீங்கியது. துணி சுற்றிக்கொண்டு உடைத்தார். ஒரு பிற்பகல் தலைமை ஆய்வாளர் இன்னொரு கலுவத்தோடு வந்து எதிரே உட்கார்ந்து, ஓங்கி ஓங்கிக் குத்தினார்.

"மேடம், மண்ணு மேல கோவம் வேண்டாம். கட்டி உடைஞ்சா போதும்."

பல நாளுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

மணல் மணலாகவே இருந்தது. பதினொரு மாதிரிகளில் மட்டும், மக்கிய இலை கலந்திருந்த இடங்களில், தண்ணீரின் ஒரு பங்கு சற்றே விரைவாக அடங்கியது. சின்ன விஷயம்தான், ஆனால் உண்மை. கட்டுரை பாதி நீளத்தில், ஒரு வருடம் தள்ளி வந்தது.

சல்லடைக்குப் பதவி உயர்வு ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு குழாயின் சீட்டிலும், எதைக் கொண்டு உடைத்தது என்று ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. அதை அவர் கையாலேயே எழுதுகிறார்.