கண்ணாடியில் ஒட்டிய குதிரை

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ருக்ஷானாவின் பிரேம் கடைக்கு வருபவை பெரும்பாலும் இறந்தவர்களின் படங்கள்தான். கணவன் நவுஷாத் சிறுநீரகம் பழுதாகிப் போய்ச் சேர்ந்தபின், கடையை மூடிவிடு என்றார்கள் சொந்தக்காரர்கள். அவள் மூடவில்லை. கண்ணாடி அறுக்கவும் நனைந்த படங்களைத் தேற்றவும் அவன் கூடவே நின்று கற்றிருந்தாள்.

பெண்ணையாற்று வெள்ளம் வடிந்தபிறகு மணலூர்பேட்டை விவசாயி சுப்புராயன் வந்தார். துண்டில் சுற்றியிருந்த பிரேமை மேசைமேல் வைத்தார். கரியால் வரைந்த குதிரை. கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்திருந்தது.

"எம் பொண்ணு ராதிகா வரைஞ்சதும்மா. வூட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சு."

"அவங்க எங்க இருக்காங்க?"

"பிரசவத்துல போயிட்டா." பிரேமை அவள் பக்கம் நகர்த்திக் கேட்டார்: "நீ நெறைய படம் பாத்திருப்ப. இது நல்லா இருக்குதா? படம் வரையற படிப்புல சேத்து வுடுன்னு அழுதா. இன்னாத்த கிறுக்கிக்கினு இருக்கேன்னு கட்டிக் குடுத்துட்டேன்."

ருக்ஷானா படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பின்னங்கால் பிசகியிருந்தது. ஆனால் கழுத்தைத் திருப்பி மிரளும் அந்தப் பார்வை எதையும் பார்த்துக் காப்பியடித்ததல்ல. சுமார்தான் என்றால் மனிதர் நிம்மதியாக ஊர் திரும்புவார். செத்துப்போனவளைக் குறைத்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"நல்லா இருக்குங்கய்யா. படிச்சிருந்தா பெரிய ஆளா வந்திருப்பாங்க."

அவர் போய்க் கடைப்படியில் உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அவர் போனபின் ஆணிகளைப் பிடுங்கி, ஊறி உப்பிய அட்டையை எடுத்தாள். காயவைத்துப் பூஞ்சையை மெல்லிய பிரஷ்ஷால் தட்டினாள். தாளைத் தூக்கியபோது குதிரையின் முகம் மட்டும் கண்ணாடியைவிட்டு வரவில்லை. ஓரத்தில் லேசாக நெம்பினாள். ஒரு காது கிழிந்து கண்ணாடியோடு தங்கிவிட்டது. அதோடு நிறுத்தினாள். பழைய கண்ணாடியைப் பிரிக்காமலே புதுச் சட்டம் போட்டாள்.

படத்தை வாங்க சுப்புராயனோடு அவர் மனைவி ராணியம்மாளும் வந்திருந்தாள்.

"ஒரு காது என்னால போச்சுங்க. இனிமே யாரும் கண்ணாடியப் பிரிக்காதீங்க" என்றாள் ருக்ஷானா.

ராணியம்மாள் அவளைக் கோபிக்கவில்லை. கணவரிடம்தான் திரும்பினாள். "நான் தலப்பாடா அடிச்சுக்கினேன், நல்லா வரையறா, படிக்க வைன்னு. இப்ப இந்தப் பொண்ணு சொன்னாத்தான் ஒனக்கு ஒறைக்குதா?"

படத்தை அவர் கையில் தராமல் தானே மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். ருக்ஷானா கடையிலிருந்து பார்த்தாள். ராணியம்மாளின் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. சுப்புராயன் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார்.