ஆஸ்பத்திரியில் நமக்கு ஆள் இருக்கு

பேகம்பூரில் யாருக்காவது சேர்ந்தாற்போல் நாலு தும்மல் வந்தால் அப்துல் சுக்கூர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவர் ஒன்றும் டாக்டர் இல்லை. பட்டை, கிராம்பு, ஏலக்காய் விற்கும் சின்னக் கடைக்காரர். ஆனால் அரசு ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆள் உண்டு. யார் அந்த ஆள் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் "அட, நம்மாளுப்பா" என்பார். அதோடு சரி.

சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ஒரு பைசா செலவில்லாமல் குணமாகித் திரும்புகிறவன் நேராகச் சுக்கூர் கடைக்கு வந்து நன்றி சொல்லுவான். "காலையிலயே பேசிட்டேன்ல" என்று அவரும் தாடியைத் தடவிக்கொள்வார். அவர் யாரிடமும் பேசியிருக்க மாட்டார். அங்கே வருகிற எல்லாரையும் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்று எடுத்துச் சொல்ல ஊரில் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. சொல்லிச் சொல்லி அது அவருக்கே உண்மையாகிவிட்டதுதான் கேடு.

மாதாமாதம் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் சுகாதார ஊழியர் பாண்டிச்செல்வி ஒருநாள் அவர் மனைவி குர்ஷித் பேகத்தை உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். வாய் கோணினாலோ, கை தூக்க வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே நூற்றியெட்டைக் கூப்பிடணும், நேரம் போனால் போனதுதான் என்றாள். சுக்கூருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அதெல்லாம் ஆள் இல்லாதவங்களுக்கும்மா. நமக்கு ஒரு போன் போதும்."

"போன் அடிக்கத்தான் பாய் நானும் சொல்றேன். நம்பர்தான் வேற" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலைப் பசியாறலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த குர்ஷித் பேகத்தின் கையிலிருந்து கத்தி நழுவியது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. என்னவோ சொல்ல வந்தாள், எச்சில்தான் வழிந்தது. மகன் தப்ரேஸ் போனைத் தூக்கினான்.

"இருலே" என்றார் சுக்கூர். "ஆள் சொல்லாமப் போனா வராண்டாவுல போட்ருவாங்க. செத்த நேரம் பொறு. பேசிட்டுப் போவோம்."

அத்தாவுக்கு ஆள் இருக்கிறது என்று பால்குடி நாளிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளை. பொறுத்தான்.

முதலில் பழைய வார்டு வாட்ச்மேனுக்கு அடித்தார். அவர் எப்போதோ ரிட்டயராகிப் பாலசமுத்திரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். சுக்கூர் அந்தப் போனுக்காகக் காத்திருந்தார். நெடுநேரம் கழித்து, லேப்பில் வேலை பார்க்கும் அழகுராஜாவின் நம்பர் வந்தது. அழகுராஜா ரெட்டியார்சத்திரத்தில் கல்யாணப் பந்தியில் இருந்தார். சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். அதற்கும் காத்திருந்தார். கட்டிலில் கிடந்தவள் தூக்க முடியாத கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அழகுராஜா கைகாட்டியது ரொனால்டு என்பவரை.

"உள்ளதான் பாய் இருக்கேன்" என்றார் ரொனால்டு. சுக்கூருக்கு உயிர் வந்தது. "எங்கப்பாவைச் சேத்துருக்கேன். உங்களுக்கு இங்க நல்ல பழக்கம்னு அழகுராஜா சொன்னாரு. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா?"

"சொல்றேன்" என்றார் சுக்கூர். பழக்கதோஷம், வேறென்ன.

ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னபோது தப்ரேஸுக்குப் பொறுமை செத்துவிட்டது. அத்தாவைக் கேட்காமலேயே நூற்றியெட்டை அழைத்தான். பாங்குச் சத்தம் அடங்கிக் கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் வண்டி நின்றது. ஆஸ்பத்திரியில் இறக்கியதும் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நீங்கள் யார் ஆள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதில் சுக்கூருக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

"அடைப்பைக் கரைக்கிற ஊசி இருக்கு. அதுக்கு நேரம் தாண்டிருச்சு" என்றார் டாக்டர். "காலையிலேர்ந்து என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"பேசிக்கிட்டிருந்தேன் சார்."

"யார்கிட்ட?"

சுக்கூர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

குர்ஷித் பேகம் உயிரோடு வீடு திரும்பினாள். வலது கையும் பேச்சும் திரும்பவில்லை. சுக்கூர் அழுதார். கொல்லைப்பக்கம் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். பொய் சொல்லக் கூடாது, அது நிஜ அழுகைதான். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, பார்க்க வந்தவர்களிடம், "நான் பேசுனதாலதான் உசுராவது தங்குச்சு" என்றார். அவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். மண்டையில் எதைத்தான் வைத்திருக்கிறார்களோ.

பேச்சுப் பயிற்சிக்கு வாரந்தவறாமல் தப்ரேஸ் கூட்டிப் போனான். ஒரு எழுத்தும் பெயரவில்லை. இனி இவ்வளவுதானோ என்று வீடு பயந்து கிடந்த நாளில், பக்கத்து வீட்டு ஃபாயிஸா ஓடி வந்தாள்.

"மாமு, எங்கம்மா நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருச்சு. வேர்த்துக் கொட்டுது. ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

சுக்கூரின் முதுகு தன்னால் நிமிர்ந்தது. "நீ கவலைய விடும்மா. நம்ம அழகுராஜாவுக்கு அடிக்கிறேன்."

கட்டிலில் சத்தம் கேட்டது. நிக்காஹ் நடந்த நாளிலிருந்து புருஷனைப் பெயர் சொல்லி அறியாதவள், ஒரு 'ங்க' குறையாமல் பேசியவள், இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தாள். கோணிய வாய் திறந்தது.

"போன... வைடா."

சுக்கூர் வைத்துவிட்டார். தப்ரேஸ் அதற்குள் நூற்றியெட்டை அழைத்து ஃபாயிஸா வீட்டுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான்.