எங்கள் வீட்டில் இயந்திரம் கண்ட சோபா

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வேர்க்கும். எனக்கு வாய் திறந்துகொள்ளும், பிறகு மூடாது. அந்த மே மாதம் நான் பேசிய பேச்சுக்கு யாராவது என்னைக் கட்சி மேடையில் ஏற்றியிருந்தால் ஒரு வார்டாவது ஜெயித்திருப்பேன்.

மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி, ஒற்றை அறைகளிலும் தகரக் கூரைகளின் கீழும் கிடந்தவர்களுக்காக அரசு கட்டிக் கொடுத்தது. மழை தொடங்குவதற்கு முன் அதைப் பழுது பார்க்க ஆண்டுதோறும் டெண்டர் விடுவார்கள். கொஞ்ச வருடங்களாக அந்த வேலை எங்கள் குழுவுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. குழு என்றதும் ஏதோ கம்பெனி என்று நினைத்துவிட வேண்டாம். பைப் வேலைக்கு நான், காரை பூச ஒரு மேஸ்திரி, வயரிங்குக்கு அவர் மச்சான். மூன்று வீட்டிலும் மழைக்கால உலை அந்த ஒப்பந்தத்தை நம்பித்தான் கொதித்தது.

இந்த முறை டெண்டர் விடும் ஆபீஸில் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்கள்: இனிப் புகார் எழுதிக் கொடுக்க வேண்டாம். குடியிருப்பவர்கள் செல்போன் செயலியில் வீட்டுச் சுவர்களைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். செயற்கை நுண்ணறிவு படத்தைப் பார்த்து எங்கே ஓதம், எங்கே விரிசல், எது அவசரம் என்று அறிக்கை கொடுக்கும். அந்த அறிக்கையில் உள்ள வேலைகளுக்குத்தான் டெண்டர். டெண்டர் கேட்கிறவர்களுக்கும் செயலியை ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் களமசேரியில் ஒரு நாள் பயிற்சி.

மேஸ்திரி என் காதருகே குனிந்தார். "இந்த ஏஐக்கு கரண்டி பிடிக்கத் தெரியுமாடே?"

"தெரியாது. படம் பாத்து குத்தம் மட்டும் சொல்லும்."

"அப்ப என் மாமியார் மாதிரின்னு சொல்லு."

களமசேரிக்கு எங்களுடன் எங்கள் கட்டடத்தைக் கவனிக்கும் அரசுப் பொறியாளரும் வந்திருந்தார். இளம்பெண், மலையாளி. எங்களிடம் பேசும்போது மட்டும் அவருடைய மலையாளம் பாதி வழியில் தமிழாகிவிடும். "பேடிக்காதீங்க சேட்டா, அங்க ஒண்ணு அமுக்குங்க" என்றார். நான் பயப்படவில்லை என்று காட்டுவதற்காக வேகமாக அமுக்கினேன். காமிரா என் பக்கம் திரும்பியிருந்ததைக் கவனிக்கவில்லை. முன்நெற்றியிலிருந்து உச்சிவரை என் வழுக்கையைப் படம் பிடித்த செயலி, கொஞ்சம் யோசித்துவிட்டு அறிவித்தது: மேற்பரப்பில் தேய்மானம், உடனடி ஆபத்து இல்லை.

அரங்கமே சிரித்தது. நானும் எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிடு போட்டேன். உட்கார்ந்ததும்தான் உறைத்தது. ஒரு நொடியில் என் தலையின் கதையைச் சொல்லிவிட்ட இந்தச் சனியன், நான் போட்ட பைப் இணைப்புகளைப் பார்த்தால் என்னவெல்லாம் சொல்லும்? போதாக்குறைக்கு, வெலிங்டன் தீவில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு பெரிய கம்பெனியும் இந்தத் தடவை டெண்டர் கேட்கப்போகிறது என்று சாயாக்கடையில் பேச்சு. எங்கள் வேலை மோசம் என்று அறிக்கை வந்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம்.

திரும்பிய அன்றே மாடி மாடியாக ஏறினேன். ஒவ்வொரு கதவிலும் ஒரே பிரசங்கம். "படம் சர்க்காருக்குப் போகுது. உங்க மானம், என் மானம் ரெண்டும் அதுல இருக்கு. பாத்து எடுங்க."

இதை எங்கள் ஆட்களிடம் நான் சொல்லியிருக்கவே வேண்டாம். படம் எடுக்க ஆள் வருகிறது என்றால் பூனைக்குக்கூட பவுடர் போடுகிற கட்டடம் இது. மறுநாள் காலை சுண்ணாம்பு வாசனை படிக்கட்டு முழுக்க இறங்கி வந்தது. நாலாம் மாடிச் சேச்சி, சுவர் விரிசலின் மேல் ஜரிகைக் கரை போட்ட கசவுப் புடவையை மடிப்புக் கலையாமல் தொங்கவிட்டு, முன்னால் குத்துவிளக்கை ஏற்றி வைத்துப் படம் எடுத்தார். ஒரு வீட்டில் காரை பெயர்ந்த மூலைக்கு முன்னால் மொத்தக் குடும்பமும் புது உடுப்பில் நின்றது. எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் இருப்பவர் நாங்கள் இத்தா என்று கூப்பிடும் முஸ்லிம் அக்கா; அவர் அடுக்களையின் பாதியை மேல்தளத்திலிருந்து தரைவரை பூப்போட்ட படுக்கை விரிப்பால் மூடிவிட்டார்.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? எங்கள் குளியலறையை ஒட்டிய கூடத்துச் சுவர் ஓதம் குடித்துக் குடித்துப் பூரி மாதிரி உப்பியிருந்தது. மரச்சாமான் கடைக்காரர் வீசியெறிந்த பழைய பிளக்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். ஆள் உயரத்துக்கு, சிவப்பு நிறத்தில், மூன்று பேர் உட்காரும் சோபாவின் படம். எழுத்தையெல்லாம் வெட்டிவிட்டுச் சுவரில் அடித்தேன். கச்சிதம்.

என் மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊர் பைப்பையெல்லாம் அடைக்கிறவருக்கு சொந்த வீட்டு செவுரு மட்டும் கண்ணுக்குத் தெரியாது."

"அதான் இப்ப யார் கண்ணுக்கும் தெரியாதே!"

படங்கள் போயின. நான் நிம்மதியாகச் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது பொறியாளர் போன் செய்தார்.

"சேட்டா, சந்தோஷ வார்த்தை! அறிக்கை வந்தாச்சு. உங்க கெட்டிடம் ஒண்ணாந்தரம். ஓதம் இல்ல, விரிசல் இல்ல. உங்க வீட்ல புது சோபா ஒண்ணு இருக்காம், நல்ல நிலையில."

சிரித்தேன். எங்கள் மானம் தப்பியது. அடுத்த வாக்கியம் வரும்வரை தப்பியிருந்தது.

"அதனால இந்த வருஷம் டெண்டர் இல்ல. செய்யறதுக்கு வேலையே இல்லல்லோ."

சாயா கிளாஸைக் கீழே வைத்தேன். பெரிய கம்பெனிக்குப் போய்விடக் கூடாது என்று நான் காப்பாற்றிய வேலையை யாருக்குமே இல்லாமல் செய்துவிட்டேன்! மழை வரப்போகிறது, கட்டடம் ஒழுகப்போகிறது, ஒழுகுவதை அடைக்க அதிகாரபூர்வமாக ஒருவரும் இருக்கப்போவதில்லை. ஏற்பாடு செய்தவன் நான்.

"மேடம், அந்த மிஷின் பொய் சொல்லுது."

"மிஷினா?" குரலில் லேசாகச் சிரிப்பு. "நானும் அந்தப் படிக்கட்டுல ஏறி எறங்கினவதான் சேட்டா. ஆனா படம் இல்லாம நான் ஒண்ணும் எழுத முடியாது. நாளை சாயங்காலம் அறிக்கை மேல போயிடும். அதுக்கு முன்னால வேற படம் வந்தா மாறும்."

மறுபடியும் மாடிப்படி. இந்த முறை தலைகீழ்ப் பிரசங்கம். "எல்லாத்தையும் எடுத்துட்டு உள்ளபடி படம் போடுங்க! டெண்டர் போயிடும்!"

"நேத்து மூடச் சொன்னே, இன்னிக்கு தொறக்கச் சொல்றே. உனக்கு சுகமில்லையா?" என்று ஒரு வீடு. கதவே திறக்காமல் ஒரு வீடு. நாலாம் மாடிச் சேச்சி திட்டவட்டமாக மறுத்தார்.

"மகளப் பொண்ணு பாக்க வர்றாங்க. விரிசல் படம் அவங்க கையில கெடச்சா?"

"சேச்சி, இது செயலி. கல்யாணத் தரகர் இல்ல."

"ரெண்டும் போன்லதானே இருக்கு?"

கடைசியாக இத்தாவின் கதவைத் தட்டினேன். என் பேச்சை முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார், "முதல்ல உன் வீட்டுப் படத்தப் போடு. மத்தவங்க பின்னால வருவாங்க."

"எங்க வீட்ல என்ன இருக்கு இத்தா?"

வா என்று அடுக்களைக்குக் கூட்டிப்போய்ப் பூப்போட்ட விரிப்பை ஒரே இழுப்பில் இழுத்தார். மேல்தளத்தில் பச்சையும் கறுப்புமாக ஒரு பெரிய வட்டம். நடுவிலிருந்து சொட்டு. கீழே அலுமினியப் பாத்திரம். அந்த வட்டத்துக்கு மேலே இருப்பது எங்கள் குளியலறை என்று எனக்குத் தெரியாதா?

"ஏன் இத்தா சொல்லல?"

"சொன்னா நீ வருவே, பாப்பே, ஒரு ஜோக்கு சொல்லிட்டுப் போவே."

"சரி, படத்துல ஏன் மூடினீங்க? ஆபீஸாவது பாத்திருக்குமே."

"நல்ல கேள்வி! பைப்புக்காரன் வீட்லேருந்தே ஒழுகுதுன்னு தெரிஞ்சா யாரு மோனே உனக்கு வேலை குடுப்பா?"

அந்த மாதத்தில் முதல் முறையாக என் வாய் மூடியது. விரிப்பை வாங்கி நானே மடித்துக் கொடுத்தேன். பிறகு படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன்.

சோபாவைப் பிடித்து இழுத்ததும் பிளக்ஸோடு காரையும் ஒரு பாளமாக வந்து என் காலில் விழுந்தது. உள்ளே செங்கல் ஈரத்தில் மினுங்கியது. சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான ஓதம்! என் மனைவி போனைப் பறித்துக்கொண்டாள். "தள்ளி நில்லுங்க. உங்க தலையப் பாத்து மறுபடியும் தேய்மானம்னு சொல்லிடப் போகுது."

அந்தப் படத்தைச் செயலியில் மட்டும் போடவில்லை, கட்டடத்தின் வாட்ஸப் குழுவிலும் போட்டேன். 'பைப் வேலைக்காரன் வீட்டுச் சுவர். பார்த்துச் சிரிக்கலாம்' என்று எழுதினேன். சிரிப்புப் பொம்மைகள் மழையாக வந்தன. கொஞ்ச நேரம் கழித்து நாலாம் மாடிச் சேச்சியின் குரல்பதிவு: "இதெல்லாம் ஒரு ஓதமா? எங்க செவுத்து விரிசல்ல பல்லி குடும்பம் நடத்துது, பாரு!" பின்னாலேயே படம். கசவுப் புடவை இல்லை, விளக்கு இல்லை, பல்லி இருந்தது.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது போட்டி. எங்க குளியலறையப் பாத்தியா, எங்க ஜன்னல் மூலையப் பாத்தியா என்று படங்கள் பறந்தன. மேஸ்திரி ஏணியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஓடினார். அவர் மச்சான் விளக்குப் பிடித்தார். காரை விழாத வீட்டுக்காரர் ஒருவர் ஏதோ பந்தியில் இலை கிடைக்காதவர் போல வருத்தமாக நின்றார். இத்தா பாத்திரத்தோடு சேர்த்துப் படம் எடுத்து, சொட்டு விழும் நொடி சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப எடுத்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே பொறியாளரின் போன். "சேட்டா! காலைல கொட்டாரமா, அரண்மனையா இருந்த கெட்டிடத்துக்கு என்ன ஆச்சு?"

"மேக்கப்பக் கலைச்சோம் மேடம்."

"மிஷின் எல்லாத்தையும் அவசரம்னு சொல்லுது. உங்க சோபாவக் காணலயாம்!"

டெண்டர் வந்தது. தீவுக் கம்பெனியும் கேட்டது, நாங்களும் கேட்டோம். களமசேரிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், கூப்பிட்ட அன்றே வந்து நிற்க வேண்டும் என்ற நிபந்தனைகள் இருந்தன. கூப்பிட்டால் லுங்கியோடு வந்து நிற்கிற தூரத்தில் இருந்தவர்கள் நாங்கள்தான். முடிவு வந்தபோது மேஸ்திரி என்னைத் தூக்க முயன்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறக்கிவிட்டார்.

முதல் வேலை செயலியில் வந்தது. இயந்திரம் அவசர வரிசையில் முதலாவதாக வைத்திருந்தது எங்கள் வீட்டுக் குளியலறையை. கருவிப் பையோடு போய் என் வீட்டுக் கதவையே தட்டினேன்.

மனைவி பாதி திறந்தாள். "யாரு?"

"பைப் ரிப்பேர்."

"நான் வாய் வலிக்க வலிக்க சொன்னப்ப வராத ஆளு, மிஷின் சொன்னதும் வந்துட்டாரா? வாங்க. சோபாவுல உக்காருங்க."

வெறும் தரையில் உட்கார்ந்து தளத்தை உடைத்தேன். உள்ளே பைப் திரும்பும் இடத்து எல்போ ஒன்று பிளந்து கிடந்தது. மாற்றினேன். மேஸ்திரி பூசினார். பூச்சு காயும்வரை பக்கத்து வீட்டில் குளித்தோம். காய்ந்த அன்று ஜன்னல் வழியாகக் கீழே கத்தினேன். "இத்தா, பாத்திரத்த எடுங்க!"

"நீ சொன்னா எடுத்துடுவேனா? குளி முதல்ல!"

குளித்தேன். வாளி வாளியாக ஊற்றினேன். பிறகு ஈரத்தோடு தரையில் காதை வைத்துப் படுத்தேன். கீழே சத்தமே இல்லை.

"இத்தா?"

சிரிப்போடு பதில் வந்தது. "இதுவரைக்கும் சொட்டல. இன்னொரு வாளி ஊத்து மோனே!"