பத்து லட்சத்துக்கு ஒரு கேக்

பாடகிக்கு மேனேஜர் என்றால் கூலிங் கிளாஸும் காருமாகத் திரிவான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தத் தொழிலில் முழுநேர வேலையே, கைபேசித் திரையைக் கீழே இழுத்து இழுத்து வியூஸ் ஏறிவிட்டதா என்று பார்ப்பதுதான். பரீட்சை முடிவுக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். உங்களுக்கு அது ஒரு நாளோடு முடிந்தது. எனக்கு மாதக்கணக்கில் நடந்தது.

என் பாடகி ஜெனிட்டா, கொழும்பு கொட்டாஞ்சேனைப் பிள்ளை. அவளுடைய பாட்டு பத்து லட்சம் வியூஸ் தொட்டால் நாடு முழுக்க மேடை தருவதாக வெள்ளவத்தையில் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் வாக்குக் கொடுத்திருந்தார். அதே நேரம் டோஹாவில் ஹோட்டல் வரவேற்பாளர் வேலைக்கு அவள் விசாவுக்கும் போட்டிருந்தாள். விசா முந்தினால் போய்விடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியும்விட்டாள். எது முந்தும் என்று தெரியாமல் நான் இருந்த இடத்தில் இருக்கவில்லை.

ஒரு லட்சம்

இப்போதெல்லாம் எங்கள் ஆட்களுக்கு வியூஸுக்குக் கேக் வெட்டாவிட்டால் பாட்டே வெளிவந்த மாதிரி இல்லை. ஒரு லட்சம் நெருங்கியதும் அவசரப்பட்டு, ஜெனியின் படம் போட்ட கேக் ஒன்றை வெள்ளவத்தையிலிருந்து மடியில் வைத்தபடி த்ரீவீல் ஆட்டோவில் கொண்டுபோய் அவள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். அன்றைக்கென்று பார்த்து வியூஸ் நகரமாட்டேன் என்றது. மறுநாளும் அப்படியே. நான் அவர்கள் வீட்டுப் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். கடைசியில் ஜெனியின் அம்மா ஒரு முழுப் பாரை மீனைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பி, ஒண்டில் கேக்கை வெட்டுங்கோ, இல்லாட்டி வெளியில எடுங்கோ. மீன் வைக்க இடமில்லை."

முதலிடம்

ஒரு எஃப்.எம். வானொலியின் வாராந்த டொப் டென்னில் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. செய்தி கிடைத்தபோது வெள்ளவத்தைக் காலி வீதியில் நின்றேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் வந்த த்ரீவீலில் ஏறினால், சிங்கள டிரைவர் அதே பாட்டைத்தான் போட்டிருந்தார். பாட்டு எப்படி என்று கேட்டேன். தலையை ஆட்டி ஆட்டி ரசித்தவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"சுப்பர் மல்லி, சுப்பர் தம்பி! இந்தியாவில யார் பாடினது?"

இறங்கிய கணக்கு

ஒன்பது லட்சம் தாண்டியதும் ஜெனி வீடு இருக்கும் ஒழுங்கையே களத்தில் இறங்கியது. வீட்டுக்கு வீடு ஃபோன்களை வரிசையாக வைத்து, காலையிலிருந்து பாட்டை ஓடவிட்டார்கள். ஒரு நாள் பார்க்கிறேன், வியூஸ் கூடுவதற்குப் பதில் குறைந்திருக்கிறது! ஆளும் பார்க்காமல் சத்தமும் இல்லாமல் சும்மா ஓடுகிற பாட்டை அந்தத் தளம் கணக்கிலிருந்து கழித்துவிடுமாம். அன்றைக்கே விசாவும் வந்து சேர்ந்தது. வந்த ஆத்திரத்தில் ஜெனியின் பக்கத்து வீட்டு அக்கா ஃபாத்திமா ராத்தாவிடம் ஓடினேன். அவர் மேசையில் நாலு ஃபோன். நாலிலும் ஜெனி வாயசைக்கிறாள், சத்தமில்லை. ராத்தா என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார்.

"சத்தம் வெச்சா புள்ள எழும்புது தம்பி. அதான் எல்லா ஃபோன்லயும் சத்தத்த மூடிட்டுப் பாட விட்டோம்."

பத்து லட்சம்

ஜெனி போய்விட்டாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வந்த பிறகும் என் விரல் திரையை விடவில்லை. சில வாரத்தில் பத்து லட்சம் வந்தது. பஸ்ஸில் நின்றபடி கத்திவிட்டேன்; பிறகு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டேன். ஏற்பாட்டாளரே அழைத்தார். வாக்கு வாக்குத்தான், ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ என்றார். ஆள் அந்த நேரம் டோஹாவில் யாருக்கோ அறைச் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பாள். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க மாட்டேன்.

ஆனாலும் கேக் வாங்கினேன். வேறென்ன செய்ய? ஜெனியின் அம்மா பெட்டியைத் திறந்து, கேக்கில் இருந்த மகளின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கத்தியை எடுத்ததும் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"வெட்டாதேங்கோ தம்பி. அவள் லீவில வரட்டும், ஃப்ரிட்ஜில வையுங்கோ. மீனை நான் வேற எங்கயாவது வைக்கிறன்."

எங்கள் தொழிலில் பத்து லட்சம் எப்படியும் வந்துவிடுகிறது; வருகிற அன்று கேக் வெட்ட வேண்டியவர்தான் ஊரில் இருப்பதில்லை.