எண்ணப் போகிறவர்

இடது கையில் பத்திரிகை, வலது கை தட்டில். ஒரு பக்கம் முடிவதற்குள் விரலில் சாப்பாடு காய்ந்துவிடும். "என்ன மாப்பிள்ளை, இன்னைக்கு யாரு முன்னணி?" என்று கேட்டால் நிமிர மாட்டார். எப்போதோ முடிந்துபோன அமெரிக்கத் தேர்தல் அது. ஜெயித்தவர் ஆட்சி முடித்து வீட்டுக்கும் போயாயிற்று. "உலகமே எண்ணி முடிச்சிருச்சு, இவருக்கு மட்டும் இன்னும் ரிசல்ட் வரல" என்பாள் என் மகள்.

மின்சார அலுவலகத்தில் குமாஸ்தா. பூட்டிய கதவை நாலு தரம் இழுத்துப் பார்ப்பார். பல்லி விழுந்தால் பெண்டாட்டி பின்னால் போய் நின்றுகொள்வார். இப்படிப்பட்டவருக்கு அந்த நாட்டு அரசியல் எப்படிப் பிடித்துப்போனதோ! அலுவலகத்தில் யாரோ ஒதுக்கிப் போட்ட பழைய இங்கிலீஷ் இதழ்களை அள்ளிக்கொண்டு வந்தார், விட முடியவில்லை. எனக்கு எழுத்து தெரியாது, அதனால் வாசித்து அர்த்தமும் சொல்வார். "நமக்கென்ன அத்தை, நம்ம வீட்டுச் சண்டையா? காலை நீட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கலாம்."

நம் ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தலில் ஓட்டுச் சீட்டு எண்ண அவரைப் போட்டு உத்தரவு வந்ததோடு அந்த வேடிக்கை போயிற்று. இப்போது ஜெயித்தவர், தோற்றவர் பக்கங்களையெல்லாம் தள்ளிவிடுகிறார். எண்ணினவர்களைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறது என்று தேடித் தேடிப் படிக்கிறார்.

"அந்த நாட்டுல ஒரு அம்மா, அத்தை. சிவனேன்னு உக்காந்து சீட்டை எண்ணினவங்க. கள்ளக் கணக்குன்னு எவனோ கிளப்பிவிட்டுட்டான். வாசல்ல ஒரே கூட்டம். அக்கா வீட்டுல போய் ஒளிஞ்சிக்கிட்டாங்களாம்."

"அப்புறம்?"

"அப்புறம் எழுதலை."

"எழுதலைன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். சாப்பிடுங்க."

"உங்களுக்கு எல்லாமே ஈஸி."

 அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

நேற்று அவர் இல்லாத நேரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். சிரித்த முகம். தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். "சார்கிட்ட சொல்லுங்க பாட்டி, பார்த்து எண்ணச் சொல்லுங்க" என்றான் ஒருவன். படி இறங்கின மற்றவன் திரும்பி, "பாப்பா எந்த ஸ்கூல்ல படிக்குது?" என்றான். என் பேத்தியைத்தான் கேட்கிறான்.

"சொல்லிக் குடுக்கிற ஸ்கூல்லதான்" என்று கதவைச் சாத்தினேன். மேல் தாழையும் போட்டேன்.

மாப்பிள்ளையிடம் சொன்னோம். முகத்தில் ரத்தம் இல்லை. "காய்ச்சல்னு எழுதிக் குடுத்துட்டுப் படுங்க" என்று மகள் அழுதாள். நானும் விடவில்லை. "நீங்க போகலைன்னா அந்தச் சீட்டு எண்ணாமலேயா கிடக்கும்? பேசாம படுங்க மாப்பிள்ளை."

"நான் படுத்துக்கிட்டா, அவங்க சொல்றபடி எண்ணுற ஆளாப் பாத்துப் போடுவாங்க, அத்தை." சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். பல் தந்தியடித்தது.

இன்று எண்ணிக்கை. காலையில் வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். செருப்பு மாட்டப்போன காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "இதோ கிளம்பிடறேன் அத்தை, ஒரு நிமிஷம்" என்றார். வாசல் சுவரில் சாய்ந்திருந்த பேத்தியின் குட்டி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து, தெருவிலிருந்து தெரியாதபடி கட்டிலுக்குப் பின்னால் நிறுத்தினார். தூக்கி வந்த வழி முழுக்க, அதன் மணி கிணுகிணுக்காதபடி உள்ளங்கையால் பொத்தியிருந்தார்.