தெப்பக்குளத்தில் ஒரு சுற்று

எந்த நாளில் என்ன நடந்தது என்று டைரியில் குறித்து வைப்பது என் பழக்கம். 1978 ஆவணியில் என் மனைவிக்கு ஏழாம் மாதம். நடந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்று எல்லோரும் சொன்னதால், தினமும் மாலையில் அவளை வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு சுற்று நடக்க வைத்தேன். அடிவயிற்றுக்குக் கீழே எலும்பு பிளப்பதுபோல் வலிக்கிறது என்பாள். சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் கொடுப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பாதிச் சுற்றில் நின்றுவிட்டாள்.

"சூட்டு வலிதான். இன்னும் பாதிதான இருக்கு, வா" என்றேன்.

"என்னைய விட்டுட்டு உங்க டைரியக் கூட்டிட்டு நடங்க" என்றாள்.

அருகில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ஏத்தா, பொரண்டு படுக்கையில இடுப்பெலும்பு கழண்டுக்கிற மாதிரி இருக்கா? எனக்கும் இருந்துச்சு. இது சூட்டு வலி இல்லண்ணே. இம்புட்டுத் தூரம் நடக்க விடாதீக."

என் மனைவி தலையாட்டினாள், பிறகு அழுதாள். அத்தனை நாளில் அவளிடம் அப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இடுப்பெலும்பு மூட்டு விலகியிருக்கிறது, ஓய்வைத் தவிர வேறு மருந்தில்லை என்றார் டாக்டரம்மா. கடைசி மாதம் முழுவதும் அவள் சுவரைப் பிடித்தே நடந்தாள். மகள் பிறந்தாள், வலி போகவில்லை. இன்றும் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறுகிறாள்.

சென்ற வாரம் அந்த டைரியை எடுத்துப் பார்த்தேன். நாள் தவறாமல் 'ஒரு சுற்று நடந்தாள்' என்று எழுதியிருக்கிறேன். வலித்தது என்று ஒரு நாளும் எழுதவில்லை.