கழுவியும் நிறம் போகாத கிழங்கு

புறக்கோட்டையில் கிழங்கும் மலைக் காய்கறியும் விற்கிற மொத்தக் கடை ஒன்றில் சரக்குப் பார்த்து வாங்குவது என் வேலை. கப்பலில் வந்த உருளைக்கிழங்கைச் செம்மண்ணில் புரட்டி, மலைநாட்டுக் கிழங்கென்று கூடுதல் விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் அந்தத் தெருவில் தாராளம். அதனால் மூட்டைக்கு ஒரு கிழங்கையாவது வாளித் தண்ணீரில் கழுவாமல் நான் எதையும் ஏற்றதில்லை. பெற்ற தாய் கொண்டுவந்திருந்தாலும் கழுவித்தான் பார்த்திருப்பேன்.

வெலிமடையிலிருந்து வழக்கமாக வருகிற தோட்டக்காரர் ஒருநாள் புது இனம் ஒன்றைக் கொண்டுவந்தார். நீளக் கிழங்கு, மண்நிறத் தோல், தொட்டால் சொரசொரப்பு. கழுவினேன், நிறம் போகவில்லை. தேங்காய்த் தும்பால் தேய்த்தேன், தோல்தான் உரிந்தது. வெட்டினால் உள்ளே மலைநாட்டுக் கிழங்குக்குரிய மஞ்சளே இல்லை, வெள்ளை வெளேர். கப்பல் கிழங்குக்குச் சாயம் போட்டிருக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டேன்.

"தோலே அப்படித்தாங்க ஐயா. விதைப் பண்ணையில சோதனைக்குக் குடுத்த ஜாதி. மத்ததவிட ஒரு மாசம் கூட மண்ணுல கிடக்கும். தண்ணி ஏறுக்குமாறா பாய்ச்சினா கோணிப் போகும். ஆனா ரொம்ப நாள் கெடாது. நீங்க எடுத்தாத்தான் அடுத்த போகமும் இதையே போடுவேன். வீட்டுல பொரிச்சுப் பாருங்க. குழம்புல மட்டும் போடாதீங்க, கரைஞ்சிடும்."

போடாதே என்றால் சூது அங்கேதான் இருக்க வேண்டும். வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு ஐந்து கிழங்கு கொண்டுபோய், மனைவியிடம் நாலைக் குழம்பு வைக்கச் சொன்னேன். கூழாகிவிட்டது. எனக்கு வெட்கங்கெட்ட சந்தோஷம்.

மறுநாள் காலை அவர் முடிவு கேட்டு வந்து நின்றார். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் பார்க்க, "ஆருக்குக் காதிலை பூ சுத்துறீர்? இதை ஏத்திக்கொண்டு போங்காணும்" என்றேன். அவர் அவிழ்த்த மூட்டையைத் தைத்தார். செய்தி பரவி, வேறு கடைக்காரரும் எடுக்கவில்லை.

அன்று மாலை மனைவி மிச்சமிருந்த ஒன்றைப் பொரித்தாள்.

"இஞ்சேருங்கோ, இப்பிடி மொறுமொறுவெண்டு ஒரு கிழங்கு நான் பொரிச்சதேயில்லை. அந்த மனுசன் சொன்னது சரிதானே?"

"எண்ணெய் நல்ல எண்ணெய்" என்றேன். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த போகம் அவர், வெங்காயத்தாள் போலிருக்கிற லீக்ஸோடு வந்தார். வேர்மண்ணோடு வந்தால்தான் லீக்ஸ் பயணத்துக்குத் தாங்கும். இவர் கொண்டுவந்ததில் மருந்துக்கும் மண் இல்லை. அடியிலிருந்த கட்டுகள் அழுகி நாறின. ஒரு கட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"ஏன் கழுவினனீர்?"

"நீங்க கழுவிப் பார்ப்பீங்களேன்னுதாங்க, ஐயா."